கேட்கப்படவில்லை

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் நாலு மணி டீக்கும் இடையில் கயல் அறுபத்து மூன்று இடங்களில் கணினி நிரலின் வரிகளை அழித்தாள். அழிக்க அழிக்கத் திரையில் மஞ்சள் கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிக் கோடு மறைந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் கைகளை நீட்டிச் சோம்பல் முறித்தாள். அந்த வாரத்தில் அவள் ஒழுங்காக மூச்சுவிட்டதே அப்போதுதான்.

அவளுடைய அலுவலகம் தி.நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பட்டுப்புடவைக் கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் இருந்தது. மொத்தம் எட்டுப் பேர். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்தார்கள். நோயாளியின் விவரம், டாக்டர் எழுதிய மருந்து, அது கொடுக்கப்பட்ட நேரம் எல்லாம் நர்ஸ் கையிலிருக்கும் டேபிளட்டில் தெரியும். மூன்று ஆஸ்பத்திரிகள் அதைப் பயன்படுத்தின. நான்காவதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி விசாரித்திருந்தது. வாங்குவதற்கு முன் நிரலைப் பார்க்கத் திங்கட்கிழமை ஆட்களை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"வந்ததும் லின்ட்டரைத்தான் ஓட்டிப் பாப்பாங்க. அதுவும் டைப்போட சேத்து ஓட்டுவாங்க. ஒரு மஞ்சள் கூட இருக்கக் கூடாது கயல்" என்று ஸ்ரீஹரி வாரத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டான். அவன்தான் அணிக்குத் தலைவன்.

லின்ட்டர் என்பது எழுதிய நிரலைப் படித்துப் பார்த்து, சந்தேகமான வரிகளின் கீழே கோடு போடும் கருவி. எழுத்தை மட்டும் பார்த்தே அது நிறையக் கண்டுபிடிக்கும். வயது என்றால் எண், பெயர் என்றால் எழுத்து, மருந்துகள் என்றால் பட்டியல் என்று ஒவ்வொரு விவரத்தின் வகையையும், அதாவது டைப்பையும், தனியாக ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால் அதன் பார்வை இன்னும் கூர்மையாகிவிடும். அந்தக் கோப்பை எழுதும் வேலை கயலுக்கு வந்தது. நூற்றுப் பதினெட்டு விவரங்கள். திங்கள் முதல் வியாழன் வரை அதையே எழுதினாள். எது என்ன வகை என்று கேட்க ஆள் இல்லை. முதலில் இதையெல்லாம் கட்டிய அசோகன் வேலையை விட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. அதனால் சோதனைக்காக வைத்திருந்த மூன்று நோயாளிகளின் பதிவைத் திறந்து, அதில் இருந்தபடி எழுதினாள். அலர்ஜி என்ற கட்டத்தில் ஒருவருக்கு இரண்டு மருந்துகளின் பெயர், ஒருவருக்கு இறால், ஒருவருக்குக் காலிப் பட்டியல். ஆகவே அலர்ஜி என்பது பட்டியல், எப்போதும் இருக்கும் என்று எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை லின்ட்டர் அந்தக் கோப்பை அப்படியே நம்பியது. எப்போதும் இருக்கும் என்று நீயே சொல்லிவிட்டு, பிறகு எதற்கு 'இருக்கிறதா' என்று கேட்கிறாய், இந்தச் சோதனை தேவையற்றது என்று அறுபத்து மூன்று இடங்களில் கோடு போட்டது. கயல் லின்ட்டரை நம்பி அத்தனையையும் எடுத்தாள். ஸ்ரீஹரி போனிலேயே மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சரி என்றான். ஆறு மணிக்குப் புதிய பதிப்பு மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் போய்விட்டது.

மறுநாள் ஆதம்பாக்கத்தில் கயலின் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். பெரும்பாக்கத்திலிருந்து அப்பா நாகராஜின் ஆட்டோவிலேயே அம்மாவும் அவளும் வந்தார்கள். மண்டபத்தில் மின்விசிறி சுற்றியும் காற்று வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கயலுக்கு முன் வரிசையில் அவள் அம்மா தேவானையும் பெரியம்மாவும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசினார்கள்.

"புள்ள குடிக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல."

"கேட்டியா?"

"யாராண்ட போய் கேக்கறது. கேக்கல."

"அப்ப தெரியாதுன்னு சொல்லு. இல்லன்றியே."

கயல் பின்னாலிருந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நேற்று அழித்த வரிகளில் ஒன்று கண்முன் வந்தது. சோதனையோடு சேர்த்து ஒரே ஒரு தமிழ்ச் சொல்லும் அழிந்தது. 'கேட்கப்படவில்லை'. அது சிவப்பாகி மறைந்ததை அவள் பார்த்திருந்தாள். விரல் நிற்கவில்லை. அடுத்த மஞ்சளுக்குப் போயிருந்தது.

எழுந்து மண்டபத்தின் வெளிப் படிக்கட்டுக்கு வந்து போனில் நிரலைத் திறந்தாள். நெட் மெதுவாக இருந்தது. ஒரு படி இறங்கினாள், இரண்டு படி ஏறினாள், போனை உயர்த்திப் பிடித்தாள். பக்கம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் அந்த வரியைச் சேர்த்தவன் அசோகன். சேர்க்கும்போது அவன் எழுதிய குறிப்பு ஒரே வரி: 'சைதாப்பேட்டை பழைய அட்டைகளில் அலர்ஜி கட்டமே கிடையாது. காலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்று ஆஸ்பத்திரிகளில் ஒன்றான சைதாப்பேட்டை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு மாறியபோது பழைய காகித அட்டைகளை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். அந்த நோயாளிகளுக்கு இதுவரை சிவப்பு எழுத்தில் 'கேட்கப்படவில்லை' என்று வந்திருக்கும். சோதனை போய்விட்டதால், நேற்று மாலை ஆறு மணியிலிருந்து கட்டமே இல்லாததும் காலிப் பட்டியலைப் போலவே பச்சையில் 'இல்லை' என்று வருகிறது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார்.

ஸ்ரீஹரிக்கு அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். நான்காவது முறை எடுத்தான். பின்னணியில் மணிச் சத்தமும் யாரோ மந்திரம் சொல்வதும் கேட்டன.

"கயல், ஆத்துல ஹோமம் நடந்துண்டிருக்கு. அப்புறம் கூப்பிடட்டுமா?"

"ஹரி, நேத்து போட்டத உடனே திரும்ப எடுக்கணும். அலர்ஜி தப்பா காட்டுது."

கயல் நடந்ததைச் சொன்னாள். அவன் மெதுவாகக் கேட்டான். "எத்தனை பேருக்கு அப்படி இருக்கும்?"

"தெரியாது."

"திரும்ப எடுத்தா மொத்தமும் பழசாயிடும். திங்கக்கிழமை அவா வந்து பாக்கறச்ச..."

"பாக்கட்டும் ஹரி."

"லேப்டாப் மாடில இருக்கு. நான் அக்னி முன்னாடி உக்காந்திண்டிருக்கேன். ஒரு மணி நேரம் குடு, பண்ணிடறேன்."

பதிப்பை ஏற்றவும் இறக்கவும் அவன் ஒருவனுக்கே அனுமதி உண்டு. ஆஸ்பத்திரி எண்ணுக்கு அடித்தாள். பதிவு செய்த குரல் முன்பதிவுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. ஒன்றை அழுத்தினாள். பாட்டு வந்தது. பாட்டு முடிந்து மறுபடியும் ஆரம்பித்தது.

நாகராஜ் வாசலில் ஆட்டோ மீது சாய்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கயல் போய் முன்னால் நின்றாள்.

"நைனா, சைதாப்பேட்ட போவணும். ஆஸ்பத்திரிக்கு."

"ஏன், யாருக்கு இன்னா?"

"யாருக்குன்னு தெரியல. அதான் போறேன்."

 நாகராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டின் மேல் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். கத்திப்பாரா வரை வழி விட்டது. கிண்டியில் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு மாநகரப் பேருந்து, பக்கத்தில் சிமென்ட் லாரி. கயல் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். பாதம் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"எறங்கி ஓடிடவா நைனா?"

"எங்க ஓடுவ இந்த வெய்யில்ல. உக்காரு." கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். "நீ இன்னாமோ தப்பு பண்ணிட்டியா?"

"ஆமா."

"சரி செய்யலாமா அத?"

"தெரியல நைனா. அங்க போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

 சின்னமலை தாண்டியதும் அவர் பெரிய சாலையை விட்டுச் சந்துக்குள் திரும்பினார். பதினெட்டு வருடம் குடியிருந்த பகுதி. எந்தச் சந்து எதில் போய் முட்டும் என்று அவருக்குத் தெரியும். ஆற்றோரம், பெரும்பாக்கத்துக்கு மாற்றப்படுவதற்கு முன் அவர்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது கம்பி வேலி போட்டிருந்தார்கள். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. முப்பது படுக்கை. கயல் பயிற்சி கொடுக்க இரண்டு முறை வந்திருந்ததால் வரவேற்பில் இருந்த பெண் அவளைத் தடுக்கவில்லை. பட்டுப்புடவையில் இருப்பதை மட்டும் விநோதமாகப் பார்த்தாள். கயல் படியேறி முதல் மாடி வார்டுக்குப் போனபோது மணி ஒன்று இருபது. மூத்த நர்ஸ் ஆஃப்ரீன் மருந்து வண்டியின் அருகில் நின்று இரண்டு மணி ஊசிகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அலர்ஜி இல்லன்னு வர்றத நம்பாதீங்க."

ஆஃப்ரீன் நிமிர்ந்தாள். "என்ன சொல்றே?"

"நேத்து சாயந்தரத்துல இருந்து தப்பு. கேக்காதவங்களுக்கும் இல்லன்னு காட்டும்."

ஆஃப்ரீன் கையிலிருந்த மருந்துக் குப்பியைத் தட்டில் வைத்தாள். "காலைல பாத்தேன். செவப்பு ஒண்ணு கூட இல்ல. நைட் டூட்டிக்காரங்க எல்லாரையும் கேட்டு முடிச்சிட்டாங்க போல, நல்ல புள்ளைங்கன்னு நெனச்சேன்." அவள் முகம் மாறியது. "யாரு யாருக்கு?"

"பழைய அட்டைக்காரங்க. நம்பர் நாலு இலக்கமா இருக்கும்."

ஆஃப்ரீன் டேபிளட்டில் தள்ளிப் பார்த்தாள். இருபத்தாறு பேரில் ஒன்பது பேர். தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, இளைய நர்ஸிடம் யாருக்கும் எதுவும் போடாதே என்று சொல்லிவிட்டு முதல் படுக்கைக்குப் போனாள். கயல் பின்னாலேயே போனாள். எழுத எதுவும் இல்லாமல், மேசையில் கிடந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து எடுத்துக்கொண்டாள்.

ஆஃப்ரீன் கேட்டாள், கயல் எழுதினாள். முதல் ஆள் காதர் என்ற பெரியவர், இல்லை என்றார். இரண்டாவது படுக்கையில் இருந்த அம்மாவுக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும். மூன்றாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. நான்கு, ஐந்து. ஒவ்வொருவரும் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் கயலுக்குத் தாங்கவில்லை. ஆஃப்ரீன் யாரையும் அவசரப்படுத்தவில்லை. "ஊசி போட்டு ஒடம்பு வீங்கியிருக்கா, மூச்சு அடைச்சிருக்கா, எப்பவாச்சும், சின்ன வயசுல கூட" என்று ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகளில், அதே நிதானத்தில் கேட்டாள்.

ஏழாவது, சன்னல் ஓரப் படுக்கை. ஷீலா என்று பெயர், நாற்பது வயதிருக்கும். ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை ஷட்டர் காலில் விழுந்து புண்ணாகிச் சீழ் பிடித்து, காலை ஏழு மணிக்குச் சேர்ந்திருந்தாள். முன்பு ஒருமுறை, எட்டு வருடத்துக்கு முன், இங்கே காய்ச்சலுக்கு வந்துபோன அட்டை இருந்தது. போர்வைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே பேசினாள்.

"ஊசியா? பெரியவன் பொறந்தப்ப போட்டாங்க சிஸ்டர். மூஞ்சி இப்டி ஆயிடுச்சி." கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக் காட்டினாள். "பெனிசிலினோ இன்னாவோ. இனிமே இத போட்டுக்காத, யாரு கேட்டாலும் சொல்லுன்னாங்க."

"காலைல ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

ஆஃப்ரீன் அவள் நைட்டியின் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்கு மேல் பத்துப் பதினைந்து தடிப்புகள், சிவப்பாக, ஒன்றோடொன்று சேர்ந்து. கழுத்திலும் இருந்தன.

"இது எப்பலருந்து?"

"காலைல இருந்து அரிக்கிது. போர்வ துவைக்காதது போலனு நெனச்சேன்."

காலை எட்டு மணிக்கு அவளுக்கு முதல் ஊசி போட்டிருந்தார்கள். பெனிசிலின் வகை. இரண்டாவது, துணி மூடிய அந்தத் தட்டில் இருந்தது. மணி ஒன்று நாற்பது.

ஆஃப்ரீன் குரலை உயர்த்தாமல் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் காஷிஃப், சின்ன வயதுக்காரர், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு வந்தார். ஷீலாவின் நாக்கை நீட்டச் சொன்னார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். அந்த மருந்தை நிறுத்திவிட்டு, அலர்ஜியை அடக்க வேறு ஊசி போடச் சொன்னார். ஆக்சிஜனைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். "ரெண்டாவதும் போயிருந்தா?" என்று கயல் கேட்டாள். அவர் டேபிளட்டில் பச்சையாக இருந்த 'இல்லை'யைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்ல முடியாதும்மா. நல்லவேளை வந்தீங்க" என்றார்.

எட்டாவது, ஒன்பதாவது படுக்கைகளையும் கேட்டு முடித்தார்கள். திரும்பி வந்தபோது ஷீலாவின் சொறிதல் கொஞ்சம் குறைந்திருந்தது. கயலை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருமா நீ? பட்டுப்பொடவ கட்டிக்கினு. டாக்டரா?"

"இல்லக்கா. அந்தக் கம்ப்யூட்டர்ல வருதில்ல, அத எழுதுறவ."

"எனக்கு அலர்ஜி இல்லன்னு நீதான் எழுதினியா?"

"ஆமாக்கா."

"என்னாண்ட கேக்காமயேவா?"

 டைப், பட்டியல், லின்ட்டர் என்று எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கும். "ஆமாக்கா, கேக்காமயே" என்றாள். ஷீலா கோபப்படவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னாள். கயல் எடுத்துக் கொடுத்தாள். 

இரண்டே கால் மணிக்கு ஸ்ரீஹரி கூப்பிட்டான். "பழசப் போட்டாச்சு. ஏதும் ஆகலையே?"

அவள் சொன்னாள். 

"மத்த ரெண்டு இடத்துக்கும் சொல்லணும் ஹரி. இப்பவே. மயிலாப்பூர் உங்க வீட்டுப் பக்கத்துல. நீங்களே நேரா போயிடுங்க. அடையாறுக்கு நான் பேசறேன்."

அவள் அவனிடம் இதுவரை அப்படிப் பேசியதில்லை. "சரி, கிளம்பறேன்" என்றான். அடையாறில் பழைய அட்டைகளே கிடையாது என்று தெரிந்தது. மயிலாப்பூரில் நாலு பேர் இருந்தார்கள். ஸ்ரீஹரி வேட்டியோடு போய் நின்று நாலு பேரையும் கேட்க வைத்துவிட்டுத்தான் திரும்பினான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

கயல் ஆறு மணிவரை வார்டு வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தாள். கீழே நாகராஜ் இரண்டு டீ குடித்துவிட்டார். நிச்சயதார்த்தம் முடிந்து அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக மேலே வந்து சொன்னார். ஷீலாவின் தடிப்புகள் மங்கத் தொடங்கியதை டாக்டர் காட்டிய பிறகே கயல் படியிறங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஸ்ரீஹரி வந்திருந்தான். நிர்வாகத்துக்கு அனுப்ப ஒரு அறிக்கை எழுதி வைத்திருந்தான். கயல் நின்றபடியே படித்தாள். 'பழைய தரவில் இருந்த குறைபாட்டால்' என்று அது தொடங்கியது.

"தரவுல குறை இல்ல ஹரி. தெரியாதுன்னு அது சரியாத்தான் சொல்லிச்சு. மூணு பேரப் பாத்துட்டு நான்தான் எல்லாருக்கும் எழுதினேன்."

"அப்படிப் போட்டா உன் பேர் வரும்."

"வரட்டும்."

"இந்த வருஷம் ப்ரமோஷன் லிஸ்ட்ல இருக்கே நீ."

"தெரியும்."

ஸ்ரீஹரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனும் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முதல் பத்தியை முழுக்க அழித்தான். புதிதாக எழுதியதில் கயலின் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், மாற்றங்களைச் சரிபார்த்தவர் முழுமையாகப் படிக்காமல் ஒப்புதல் தந்தார் என்று எழுதித் தன் பெயரைப் போட்டான்.

பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் பதினொரு மணிக்கு வந்தார்கள். ஸ்ரீஹரி நடந்ததைச் சொன்னான். நிரலைத் திறக்காமலேயே, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வருவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. ப்ரமோஷன் பட்டியலிலிருந்து கயலின் பெயர் எடுக்கப்பட்டதா என்றும் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

மதியம் அவள் அந்த வகைக் கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினாள். அலர்ஜி: பட்டியலாக இருக்கலாம், இல்லாமலே போகலாம். லின்ட்டரை ஓட்டினாள். பழைய பதிப்போடு திரும்பி வந்திருந்த அந்தச் சோதனையின் கீழ் மஞ்சள் போய்விட்டது. ஆனால் வேறு பத்தொன்பது இடங்களில் புதிதாகக் கோடு விழுந்தது. இல்லாமல் போனால் என்ன செய்வாய் என்று எழுதாமல் விட்ட இடங்கள் அவை. அசோகன் காலத்திலிருந்தே இருந்தவை. அதில் ஒன்று, நோயாளி வீட்டுக்குப் போகும்போது அச்சாகும் சீட்டு. அது இத்தனை வருடமும் கேட்காதவர்களுக்கும் 'இல்லை' என்றே அடித்துக் கொடுத்திருக்கிறது. கயல் ஸ்ரீஹரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் சேர்ந்து பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் படித்தார்கள்.

மீதி நூற்றுப் பதினேழு விவரங்கள் இருந்தன. அவற்றையும் அவள் அந்த மூன்று பேரைப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள். புதன்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனாள். பழைய அட்டைகளில் உண்மையில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று பார்க்க வேண்டும். ஆஃப்ரீன் தரைக்குக் கீழிருந்த அறையைத் திறந்துவிட்டாள். இரும்பு அலமாரிகளில் காகித அட்டைகள், ஓரம் பழுத்து. சிலவற்றில் வயதுக்குப் பதில் 'மூத்த மகள்' என்று எழுதியிருந்தது. சிலவற்றில் எடை இல்லை. ஒன்றில் பெயரே இல்லை, 'கோயில் வாசல் அம்மா' என்று மட்டும் இருந்தது. கயல் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே போனாள். நாற்காலியில் உட்கார முடியவில்லை. அலமாரிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

பதினோரு மணிக்கு ஆஃப்ரீன் ஷீலாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காலில் கட்டு, கையில் ஒரு ரப்பர் செருப்பு. வீட்டுக்குப் போகிறாள்.

"இந்தாம்மா, இன்னா எழுதிகீதுன்னு படிச்சுச் சொல்லு" என்று ஷீலா அச்சான சீட்டை நீட்டினாள். கயல் படித்துக் காட்டினாள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சரியாகவே வந்திருந்தது, ஆங்கிலத்தில்.

"எனக்குத் தமிழ்ல எழுதிக் குடு. வேற ஆஸ்பத்திரிக்குப் போனா நானே காட்டிக்கிறேன்."

கயல் ஒரு வெற்று அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினாள். ஷீலா அதை வாங்கி எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தாள். பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நொண்டிக்கொண்டே படியேறினாள். அவள் வாசலைத் தாண்டும்வரை ஆஃப்ரீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தன அட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

"எண்ணல சிஸ்டர்" என்றாள் கயல். அடுத்த அட்டைக் கட்டை அவிழ்த்தாள்.